பாலங்கள் சுமக்கும் பாரமும் உருக்கின் உட்கணக்கும்

மட்டக்களப்பு வாவியின் மேலே கல்லடியில் இரண்டு பாலங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, பிரித்தானியர் ஆட்சியின்போது 1920களில் எழுந்த இரும்புப் பாலம். அக்காலத்து ஆளுநர் சேர் வில்லியம் மன்னிங்கின் துணைவியார் பெயரால் அது லேடி மன்னிங் பாலம் என அழைக்கப்பட்டது. மற்றையது, ஜப்பானிய உதவியுடன் அமைக்கப்பட்டு 2013 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட புதிய பாலம். புதியது வரும்வரை பல தசாப்தங்களாக மாட்டு வண்டி தொடக்கம் பாரவூர்தி வரை அனைத்தையும் ஒற்றை வழியில் சுமந்தது பழைய பாலமே. 1978ஆம் ஆண்டின் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் அது கண்டிருக்கிறது.

இத்தனை காலம் பாரம் சுமந்த இரும்பின் உள்ளே என்ன நிகழ்ந்திருக்கும்? வெளியே படிந்த கறளைச் சுரண்டி எடுக்கலாம். அதன்மேல் வர்ணம் பூசலாம். ஆயின் உள்ளே ஏற்பட்ட மாற்றத்தைக் கண்ணால் காண இயலாது. நேராகத் தோன்றுகின்ற கம்பி நலமாக இருக்கிறது என்று எவரும் உறுதி கூற முடியாது. உலோகம் தான் தாங்கிய ஒவ்வொரு பெரும் பாரத்தையும் தனக்குள்ளே கணக்காக எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கை வாசிப்பதற்குக் கடந்த நூறு ஆண்டுகளில் விஞ்ஞானம் இரண்டு வழிகளைக் கண்டுள்ளது. ஒன்று, கதிர்களின் கோணல். மற்றையது, கணினி மாதிரியாக்கம். ஏறாவூர் முதல் கல்முனை வரை வாவியால் பிரிந்தும் பாலங்களால் இணைந்தும் வாழும் எமது மக்கள் இவை பற்றி அறிந்திருப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

முதலில் உலோகம் எவ்வாறு வளைகிறது என்பதைப் பார்ப்போம். மெல்லிய கம்பியொன்றைச் சற்றே வளைத்துக் கையை எடுத்தால் அது பழைய நிலைக்கே மீளும். இது மீள்தன்மை. மேலும் பலமாக வளைத்தால் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். இதுவே நிலையான உருமாற்றம். அதே இடத்தை முன்னும் பின்னும் பல தடவை வளைத்தால் அது சூடேறும், முன்னரைவிட இறுகும், ஈற்றில் முறிந்துவிடும். எமது கம்மாலைகளில் தொழில் செய்த கொல்லர்கள் இதனை நன்கறிவர். குளிர்ந்த இரும்பை அடித்தால் அது கடினமாகும், மீண்டும் உலையிலிட்டால் இளகும் என்பது அவர்களது தலைமுறை அறிவு. ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பதை விஞ்ஞானிகள் விளக்கியது 1934ஆம் ஆண்டிலேயே ஆகும்.

உலோகம் என்பது கோடிக்கணக்கான சிறு பளிங்குகளின் திரள். பெரும்பாலான உருக்கில் ஒவ்வொரு பளிங்கும் தூசித் துணிக்கையிலும் சிறியது. அதனுள் அணுக்கள் வரிசை பிசகாது அடுக்கப்பட்டுள்ளன. பாரம் அதிகரிக்கும்போது ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் வழுக்குகிறது. அடுக்கு முழுவதும் ஒரே கணத்தில் வழுக்குவதாக வைத்துக் கணக்கிட்டால், உலோகம் உண்மையில் காட்டும் வலிமையைவிடப் பல நூறு மடங்கு, சில வேளைகளில் பல்லாயிரம் மடங்கு வலிமை அதற்கு இருத்தல் வேண்டும். இந்த முரண்பாட்டுக்கு ஜீ. ஐ. டெய்லர், எகோன் ஒரோவன், மைக்கேல் பொலானி ஆகிய மூவரும் 1934இல் தனித்தனியே ஒரே விடையைக் கண்டனர். அடுக்குகளில் இயல்பாகவே சில இடப்பிசகுகள் உள்ளன. அவை நகர்வதாலேயே உலோகம் வளைகிறது என்பதே அவ்விடை.

தரையில் விரித்த பெரிய பாயை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். அதனை முழுமையாக இழுத்து நகர்த்துவது கடினம். ஒரு முனையில் சிறு மடிப்பை உண்டாக்கி அம்மடிப்பை மறுமுனை வரை தள்ளிச் சென்றால் பாய் இலகுவாக நகர்ந்துவிடும். இடப்பிசகு என்பது அந்த மடிப்பைப் போன்றது. வளைக்க வளைக்க மடிப்புகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. உலோகம் இறுகுவது அதனாலேயே. கடுமையாக உருமாறிய உருக்கின் ஒரு கன சென்ரிமீற்றரில் உள்ள இடப்பிசகுக் கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிவைத்தால் அவை பத்து இலட்சம் கிலோமீற்றரை எட்டக்கூடும். பூமியிலிருந்து சந்திரனுக்குச் சென்று மீளும் தூரத்தினும் இது அதிகம். கைவிரல் நுனியளவு உருக்கினுள் இத்துணை நீண்ட வரலாறு பொதிந்துள்ளது.

ஓர் உலோகத்தோடு வேறொன்றைக் கலப்பதன் நோக்கமும் இங்கேதான் விளங்குகிறது. செம்போடு வெள்ளீயம் சேரும்போதும் இரும்போடு காபன் சேரும்போதும் புதிய அணுக்கள் இடப்பிசகுகளின் பாதையை மறிக்கின்றன. மடிப்பு நகரக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. கலப்புலோகம் தூய உலோகத்தை விட வலிமை பெறுவது இவ்வாறே.

இக்கலையில் எமது தீவுக்கும் பங்குண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றிய தமது நூலில் சரந்தீப் வாள்களையும் ஒரு வகையாகக் குறித்துள்ளார். இத்தீவில் நிகழ்ந்த உருக்கு உற்பத்திக்கான சான்று பின்னர் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. சமனலவெவப் பிரதேசத்தின் மலைச்சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய இரும்பு உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜுலெஃப் அகழ்ந்தெடுத்தார். அத்தகைய உலையொன்றை மீளக் கட்டி இயக்கியும் காட்டினார். 1996இல் நேச்சர் சஞ்சிகையில் அவ்வாய்வு வெளியானது. கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதியில் அவ்வுலைகள் உயர்ந்த காபன் கொண்ட உருக்கைத் தந்தன என்பது அதன் முடிபு. அதற்கு முன்னரே, 1908இல், எமது மண்ணின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி இத்தீவின் இரும்பு, உருக்குத் தொழிலைத் தமது நூலில் பதிவு செய்திருந்தார். கலையியல் அறிஞராகப் புகழ்பெற்ற அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணியின் முதற் பணிப்பாளராக விளங்கிய புவிச்சரிதவியலாளர் என்பது பலர் அறியாத செய்தி.

இனி, கண்ணுக்குப் புலப்படாத அணு அடுக்குகளை அளப்பது எவ்வாறு என்பதற்கு வருவோம். 1912இல் ஜேர்மனியில் மக்ஸ் வொன் லவுவேயும் அவரது சகாக்களும் பளிங்கொன்றினூடாக எக்ஸ் கதிர்களைச் செலுத்தியபோது, அக்கதிர்கள் குறிப்பிட்ட திசைகளில் மட்டும் புள்ளிகளாகச் சிதறின. இதுவே கோணல் எனப்படும் நிகழ்வு. மறு ஆண்டே வில்லியம் பிராக்கும் அவரது மகன் லோரன்ஸ் பிராக்கும் இதிலிருந்து ஓர் எளிய விதியைப் பயன்படுத்தும் வழியை நிறுவினர். கதிரின் அலைநீளமும் அது சிதறும் கோணமும் தெரிந்தால், அணு அடுக்குகளுக்கு இடையிலான தூரத்தைக் கணித்துவிடலாம். 1915இல் தந்தையும் மகனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மகனுக்கு அப்போது வயது 25.

இரும்பில் அடுக்குகளுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் ஐம்பது இலட்சத்தில் ஒரு பங்கு. சாதாரண உருக்குக் கம்பியை அது நிலையாக உருமாறும் எல்லைவரை இழுத்தால் இத்தூரம் ஆயிரத்தில் ஒரு பங்களவே கூடும். கோணலின் கோணம் அந்த நுண்ணிய மாற்றத்தையும் காட்டிக்கொடுக்கிறது. அணு அடுக்குகளே அளவுகோலாக மாறிவிடுகின்றன. அதுமட்டுமன்று; இடப்பிசகுகள் பெருகிய உலோகத்தில் அடுக்குகள் ஒழுங்கு குலைவதால், கூராக இருக்க வேண்டிய கோணற் கோடு அகன்று மங்குகிறது. கோட்டின் இடப்பெயர்ச்சி உலோகம் இப்போது தாங்கிநிற்கும் தகைப்பைக் கூறும். கோட்டின் அகலம் அது முன்னர் பட்ட பாட்டைக் கூறும்.

எக்ஸ் கதிர்க் கருவிக்கு ஒரு குறைபாடு உண்டு. ஆய்வுகூடங்களில் உள்ள சாதாரணக் கருவியின் கதிர், உருக்கினுள் தலைமுடியின் தடிப்பளவு கூட ஊடுருவாது. மேற்பரப்பை மட்டுமே அது காணும். 1932இல் ஜேம்ஸ் சட்விக் கண்டறிந்த நியூத்திரன் இக்குறையைத் தீர்த்தது. மின்னேற்றமற்ற நியூத்திரன்கள் உருக்கினுள் பல சென்ரிமீற்றர் ஆழம் செல்ல வல்லவை. சிங்குரோத்திரன் எனும் பெரும் கருவிகள் தரும் உயர்சக்தி எக்ஸ் கதிர்களும் அவ்வாறே ஆழச் செல்கின்றன. இங்கிலாந்தின் ரதபோர்ட் அப்பிள்டன் ஆய்வுகூடத்திலும் ஜப்பான், அமெரிக்கா, பிரான்ஸ் ஆகிய நாடுகளிலும் இதற்கெனவே நிலையங்கள் உள்ளன. அங்கே உருக்குத் துண்டொன்றை இழுவைப் பொறியில் பூட்டி, அது இழுபடும்போதே அதனூடாகக் கதிரைச் செலுத்தி, உள்ளிருக்கும் பளிங்குகள் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று பார்க்கின்றனர்.

அவ்வாறு பார்த்தபோது தெளிவான உண்மை ஒன்றுண்டு. எமது கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களை நினைத்துப் பாருங்கள். வலையின் கயிற்றை எல்லோரும் பிடித்திருந்தாலும் எல்லோரும் சம பாரம் தாங்குவதில்லை. ஒருவர் கை தளர்ந்தால் அவர் விட்ட பாரம் அடுத்தவர் தோளில் ஏறும். உருக்கினுள்ளும் அவ்வாறே நிகழ்கிறது. இரும்புப் பளிங்கு ஒரு திசையில் இழுக்கப்படும்போது காட்டும் விறைப்பு, மற்றொரு திசையில் காட்டுவதைப் போல இரு மடங்குக்கும் அதிகமாக இருக்கலாம். வழுக்குவதற்கு வசதியான திசையில் அமைந்த பளிங்குகள் முதலில் விட்டுக்கொடுக்கின்றன. ஏனையவை அந்தப் பாரத்தை ஏற்கின்றன. பாரத்தை நீக்கிய பின்னரும் பளிங்குகள் அனைத்தும் ஒருசேரப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சில இழுபட்டபடியும் சில நெரிபட்டபடியும் உறைந்துவிடுகின்றன. இதனை எஞ்சிய தகைப்பு என்பர். வெளியே எந்தப் பாரமும் இல்லாதபோதும் உலோகம் உள்ளே தன்னோடு தானே மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறது. வெல்டிங் செய்த பொருத்துகளில் இது மிக அதிகம். அடுத்து வரும் பாரம் இதன்மேல் ஏறும்போதுதான் வெடிப்பு பிறக்கிறது.

கோணல் தருவது ஒரு துண்டின், ஒரு கணத்தின் அளவீடு. ஒரு பாலத்தின் ஒவ்வோர் அங்கத்தையும் வெட்டியெடுத்து அளக்க இயலாது. இங்கேதான் கணினி துணைக்கு வருகிறது. 1938இல் டெய்லர், பளிங்குகள் அனைத்தும் ஒரே அளவில் உருமாறுவதாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டார். 1957இல் எஷெல்பி, தன்னைச் சூழ்ந்த ஊடகத்தினுள் ஒரு துணிக்கை எவ்வாறு நெரிபடும் என்பதற்குத் தீர்வு கண்டார். அதனை அடியொற்றி, ஒவ்வொரு பளிங்கையும் ஏனையவற்றின் சராசரியால் சூழப்பட்டதாகக் கொள்ளும் மாதிரிகள் பிறந்தன. இன்று கணினியில் ஆயிரக்கணக்கான பளிங்குகளை அவற்றின் திசைகளோடு உருவாக்கி, பாரத்தை அணு அணுவாகக் கூட்டி, எது எப்போது வழுக்கும், எது எவ்வளவு இறுகும் என்பதைக் கணக்கிட முடிகிறது.

கணினி கூறுவதை அப்படியே நம்பிவிடலாகாது. மாதிரி கூறும் விடையைக் கோணல் அளவீட்டோடு ஒப்பிடுவர். இரண்டும் பொருந்தாவிடின் மாதிரியில் கொண்ட எடுகோள் பிழை. அதனைத் திருத்தி மீண்டும் கணக்கிடுவர். அளவீடு இல்லாத மாதிரி வெறும் ஊகம். மாதிரி இல்லாத அளவீடு ஒரு துண்டின் கதை. இரண்டும் சேரும்போதே, இதுவரை வராத பாரம் வந்தால் இந்த உருக்கு என்ன செய்யும் என்று முற்கூட்டியே சொல்ல முடிகிறது. ஆகாய விமானத்தின் இறக்கை, புகையிரதத் தண்டவாளம், அணு உலையின் குழாய் ஆகியவை இன்று இவ்வாறே பரிசீலிக்கப்படுகின்றன.

இத்துறை எம்மவருக்கு எட்டாததன்று. தமிழகத்தைச் சேர்ந்த உலோகவியலாளர் டி. ஆர். அனந்தராமன், ஒக்ஸ்போர்டில் ஜே. டபிள்யூ. கிறிஸ்டியனுடன் சேர்ந்து, கோபாற்றுப் பளிங்குகளில் வளர்ச்சியாலும் உருமாற்றத்தாலும் ஏற்படும் அடுக்குப் பிழைகளை எக்ஸ் கதிர்க் கோணலால் அளந்து 1956இல் வெளியிட்டார். பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பல தலைமுறை மாணவரை அவர் உருவாக்கினார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற சுப்ரா சுரேஷ், உலோகம் களைத்து முறிவது பற்றி 1991இல் எழுதிய நூல் உலகெங்கும் பயிலப்படுகிறது. 2010இல் அவர் அமெரிக்க தேசிய விஞ்ஞான மன்றத்தின் பணிப்பாளரானார்.

உள்ளே எழுதப்பட்ட கணக்கை வாசியாது விட்டால் என்ன நேரும் என்பதற்கு உலகில் உதாரணங்கள் பல. 1967 டிசம்பர் 15ஆம் திகதி அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் மாலை நேர வாகன நெரிசலின்போது இடிந்து வீழ்ந்ததில் 46 பேர் உயிரிழந்தனர். பாலத்தைத் தாங்கிய உருக்குச் சட்டமொன்றின் கண்ணியில் இருந்த, ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் ஆழமான வெடிப்பே அதற்குக் காரணம். சட்டத்தைக் கழற்றாமல் அதனைக் கண்டிருக்க இயலாது. 2022 ஒக்டோபர் 30ஆம் திகதி குஜராத்தின் மோர்பி நகரில் திருத்தி மீளத் திறக்கப்பட்டுச் சில நாட்களேயான தொங்குபாலம் அறுந்து 135 பேர் மாண்டனர். பிரதான வடமொன்றின் 49 கம்பிகளில் 22 அரித்துப் போயிருந்தன என்று விசாரணைக் குழு கூறியது. முன்னைய விபத்தின் பின் அமெரிக்கா, 1971இல் பாலங்களைக் குறித்த கால இடைவெளியில் பரிசோதிக்கும் தேசிய நியமத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இனி எமது வீட்டு முற்றத்துக்கு வருவோம். ஆழிப்பேரலைக்குப் பின் எமது கரையோரம் எங்கும் வீடுகளும் பாடசாலைகளும் கொங்கிறீற்றில் எழுந்தன. கொங்கிறீற்றுக்குள் இருப்பது உருக்குக் கம்பி. வளைத்துக் கொண்டுவந்த கம்பியை நிமிர்த்துவதும், தவறாக வளைத்ததை மீண்டும் நிமிர்த்தி வளைப்பதும் வேலைத்தளங்களில் சாதாரணம். நிமிர்த்திய கம்பி நேராகத்தான் தெரியும். ஆயினும் கூராக வளைந்த அந்த இடத்தில் இடப்பிசகுகள் பெருகி, நெகிழும் ஆற்றல் குறைந்து, நுண் வெடிப்பும் தோன்றியிருக்கக் கூடும். இன்னும் சிலர் இலகுவாக வளைப்பதற்காகக் கம்பியை நெருப்பில் காய்ச்சுவர். குளிர்நிலையில் முறுக்கி வலுவூட்டப்பட்ட கம்பிக்கு அதன் வலிமையைத் தந்ததே அந்த முறுக்கில் பெருகிய இடப்பிசகுகள்தாம். நெருப்பு அவற்றை அழித்துவிடும். கம்பி இருக்கும், வலிமை போய்விடும்.

இதனோடு உப்பும் சேர்கிறது. நன்கு ஆக்கிய கொங்கிறீற்றின் காரத்தன்மை கம்பியைக் கறளிலிருந்து காக்கிறது. சரியாகக் கழுவப்படாத கடல் மணலும் வாவிக் காற்றும் கொண்டுவரும் குளோரைட்டு அந்தக் காப்பைக் குலைக்கிறது. கறள், தான் அரித்த இரும்பினும் பல மடங்கு கன அளவு கொண்டது. ஆகையால் அது கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கிறது. எஞ்சிய தகைப்புள்ள இடமும் உப்பும் கூடும்போது ஆபத்து இரட்டிக்கிறது. எனவே, வளைத்த கம்பியை மீண்டும் நிமிர்த்திப் பயன்படுத்தாதிருத்தல், தடிப்புக்கேற்ற உருளையைச் சுற்றியே வளைத்தல், கம்பியை நெருப்பில் காட்டாதிருத்தல், மணலை நன்னீரில் நன்கு கழுவுதல் ஆகியவற்றை எமது மேசன்மாரும் வீட்டுச் சொந்தக்காரரும் கட்டாயமாகக் கொள்ள வேண்டும். இதற்கு எந்தப் பெரும் கருவியும் வேண்டியதில்லை.

பாலங்களுக்கோ அதற்கு மேலும் வேண்டும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் படுவான்கரை மக்கள் படகுப் பாதையை நம்பியே எழுவான்கரைக்கு வந்தனர். ஒரு பாலம் மூடப்பட்டால் வைத்தியசாலையும் சந்தையும் பாடசாலையும் எவ்வளவு தூரமாகிவிடும் என்பதை எமது மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு பாலத்துக்கும் அதன் உருக்கின் வகை, வெல்டிங் செய்த இடங்கள், தாங்கிய பாரம், செய்த திருத்தம் ஆகியவற்றைக் கொண்ட நிரந்தரப் பதிவேடு வேண்டும். மேற்பரப்பின் எஞ்சிய தகைப்பை நின்ற இடத்திலேயே அளக்கும், கொண்டுசெல்லத்தக்க எக்ஸ் கதிர்க் கருவிகள் இன்று உலகில் உண்டு. அளந்ததை மாதிரியாக்கும் கணினிக்கு இப்போது பெருஞ்செலவும் இல்லை. தேவைப்படுவது அதனை வாசிக்கத் தெரிந்த ஆட்கள்.

அந்த ஆட்களை உருவாக்கும் வசதி எமது பிரதேசத்தில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் விஞ்ஞான பீடத்தைக் கொண்டுள்ளது. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பொறியியற் பீடத்தைக் கொண்டுள்ளது. கோணல் பௌதிகவியலாளரின் கலை. பாலம் பொறியியலாளரின் பொறுப்பு. மாதிரியாக்கம் இருவருக்கும் பொதுவான கணிதம். ஒரே வாவிக்கரையின் நெடுஞ்சாலையில் சில மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் இவ்விரு நிறுவனங்களும் ஒரே பாலத்தைப் பாடமாகக் கொண்டு கூட்டாக ஆராய்ந்தால் என்ன? இலங்கையில் ஆராய்ச்சி அணு உலையோ சிங்குரோத்திரனோ இல்லை என்பது உண்மை. எனினும் மும்பைக்கு அருகே துரோம்பேயில் 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா அணு உலையும் இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சிங்குரோத்திரனும் அயலிலேயே உள்ளன. தகுதியான ஆய்வு முன்மொழிவுக்குக் கருவி நேரம் ஒதுக்குவது இத்தகைய நிலையங்களின் வழமை.

ஜோர்தானில் செசாமி எனும் சிங்குரோத்திரன் 2017இல் திறக்கப்பட்டபோது, ஈரான், இஸ்ரேல், பலஸ்தீனம், எகிப்து, துருக்கி, பாகிஸ்தான் ஆகியவை அதன் உறுப்பினர் வரிசையில் ஒருங்கே இருந்தன. அரசியலில் ஒரு மேசையில் அமர மறுப்போரும் ஒரு கதிரின் முன் அமர இணங்கினர். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாவியில் மீன் பிடித்து, ஒரே பாலத்தால் நாளும் கடந்து செல்லும் எமது மண்ணில் அது இயலாததன்று.

பாலம் தன்மேல் ஏறுபவர் எவர் என்று கேட்பதில்லை. பாரத்தை மட்டுமே கணக்கில் வைக்கிறது. அக்கணக்கை வாசிக்கும் பொறுப்பு இரு சமூகத்தினருக்கும் பொதுவானது. அந்தப் படிப்பு அடுத்த கல்வியாண்டிலேனும் தொடங்கப்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.